பழைய ஆலயத்துக்குப் புது மண்டபம்: ஒட்டாமல் சேர்ப்பது எப்படி?

கேள்வி: நாங்குநேரி பக்கம் எங்கள் சி.எஸ்.ஐ. ஆலயம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. கல்லும் சுண்ணாம்புக் காரையுமான சுவர், ஓட்டுக் கூரை. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு 150 பேர் வெளியே பந்தலில்தான் உட்காருகிறார்கள். வடக்குச் சுவரில் ஜன்னல்களுக்கு நடுவே உள்ள பகுதியை எடுத்துவிட்டு, கான்கிரீட் ஹாலை ஒட்டிக் கட்டலாமா?

பதில்: ஒட்ட வேண்டாம், பக்கத்தில் கட்டுங்கள்.

ஜன்னல் வளைவு பாரத்தை நேர்கீழே மட்டும் இறக்குவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். அடுத்தடுத்த இரண்டு வளைவுகளின் தள்ளல் நடுச்சுவரில் சந்தித்து ஒன்றையொன்று அடக்குகிறது. அந்தச் சுவரை எடுத்தால் மிச்சமிருக்கும் வளைவுகள், எதிர்த்தள்ளல் இல்லாமல், தங்களைத் தாங்கும் சுவரைத் திறந்த பக்கமாகத் தள்ளும். பீம் போட்டுத் தாங்கலாம் என்று மேஸ்திரி சொல்லுவார். பீமின் முனைகளில் பாரம் மொத்தமும் குவிய, அங்கே காரை நொறுங்கும்.

வழி வேண்டுமானால் இரண்டு மூன்று ஜன்னல்களுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் தரைவரை எடுத்து வாசலாக்குங்கள். அகலத்தைக் கூட்டக்கூடாது, வளைவைத் தொடக்கூடாது. பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியே போதும். ஒன்றை முடித்துப் பூசிய பிறகே அடுத்தது. இதில் ஒரு குறை: மண்டபத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஆல்டர் (பலிபீடம்) தெரியாது. அதற்கு ஒரு வீடியோ திரை வைத்துக்கொள்ளலாம், சுவரைப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

ஆலயத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே 8 அடி விடுங்கள். பழைய கட்டடம் இறங்க வேண்டியதெல்லாம் என்றோ இறங்கிவிட்டது. புதியது இனிமேல்தான் இறங்கும். இரண்டையும் கட்டிப்போட்டால் சேரும் இடத்தில் விரிசல் நிச்சயம், கரிசல் மண்ணானால் இன்னும் மோசம். முதலில் சுவரோரம் ஒரு சிறு குழி எடுத்துப் பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைப் பாருங்கள். அது 3 அடியில் முடிந்து, புதியது 5 அடிக்குப் போகிறது என்றால், உங்கள் குழியின் விளிம்பு குறைந்தது 2 அடி தள்ளியிருக்க வேண்டும். மணற்பாங்கான மண்ணில் 4 அடி.

அந்த 8 அடியை இரும்புச் சட்டமும் கண்ணாடியும் கொண்ட நடையாக மூடலாம். நடையின் பாரம் முழுவதும் மண்டபத்தின் பில்லரில் இருக்கட்டும். பழைய சுவர்ப் பக்கம் 50 மி.மீ. இடைவெளி விட்டு, அதை உலோகத் தகட்டால் மூடுங்கள். தகட்டின் மேல்விளிம்பைக் காரைச் சந்தில் சொருகிச் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். கீழ்விளிம்பு கட்டில்லாமல் தொங்கட்டும். நடைக்கூரை ஓட்டு இறவாரத்துக்கு ஓரடியாவது கீழே, மண்டபத்தை நோக்கிச் சரிய வேண்டும். தண்ணீர் முழுவதும் அங்கே சேர்வதால் ஓரடி அகலக் கால்வாயும், அடைத்துக்கொண்டால் வழிய இன்னொரு குழாயும் அவசியம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

150 நாற்காலிக்கு ஆளுக்கு 10 சதுர அடி வீதம் 1500 சதுர அடி, அதாவது 50க்கு 30. அசனத்துக்கு (ஆலய விருந்துக்கு) ஆளுக்கு 15 சதுர அடி வேண்டும். ஒரு பந்திக்கு 100 பேர் உட்காரலாம். தோற்றத்தில், மெஞ்ஞானபுரத்துப் பழைய ஆலயத்தின் கூர்வளைவைச் சிமெண்டில் போலிசெய்ய வேண்டாம். தட்டையான, தாழ்ந்த கட்டடமாக, ஆலய முகப்பிலிருந்து பின்தள்ளி வையுங்கள், கோபுரம் மறையாது. மண்டபம் பளிச்சென்று இருக்கிறதே என்று பழைய சுவருக்கும் சிமெண்ட் பூசிவிடாதீர்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். சுவரோரம் பேவர் பிளாக் போட்டுத் தரையை உயர்த்துவதாலும் இதே கேடுதான்.

சேகர மன்றத் (உள்ளூர்ச் சபைகளின் நிர்வாகக் குழு) தீர்மானம், திருமண்டல (பேராயர் மண்டல) அனுமதி, கட்டட அனுமதி மூன்றும் கையில் வந்தபின் பிப்ரவரியில் அஸ்திவாரம் தோண்டினால் ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறிவிடும். தோண்டும் முன்பே பழைய விரிசல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். ஏதாவது ஒன்று உடைந்தாலும் அன்றே வேலையை நிறுத்தி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.