பதில்: ஈயம் கலந்த தட்டிலும் ஈ.கோலை வளர்கிறதே?

எண்ணூர் கழிமுகச் சேற்றில் பிரித்த பாக்டீரியாவோடு, ஒப்பீட்டுக்கு வைத்த ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவும் ஈய நைட்ரேட் கலந்த நியூட்ரியன்ட் அகாரில் (பாக்டீரியா வளர்க்கத் தட்டில் ஊற்றும் கூழ் ஊடகம்) செழிப்பாக வளர்கிறது என்கிறீர்கள். பாக்டீரியாவை விடுங்கள், ஊடகத்தைப் பாருங்கள். அதில் சத்தாக இருக்கும் பெப்டோன் (சிதைத்த புரதம்) ஈய அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பேட் இருந்தால் ஈயம் கரையாத வீழ்படிவாகிவிடும். தட்டு வெளிறிக் கலங்கலாக இருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் போட்ட ஈயத்தில் பெரும்பகுதி செல்லைத் தொடவே இல்லை.

டிரிஸ் தாங்கல் (pH-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) சேர்த்த, பாஸ்பேட் குறைந்த ஊடகத்துக்கு மாறுங்கள். பாஸ்பரசுக்கு கிளிசரோபாஸ்பேட், கார்பனுக்குக் கொஞ்சம் குளுக்கோஸ் போதும். ஈயக் கரைசலைக் கிருமி நீங்கத் தனியாக வடிகட்டி, ஊடகத்துக்கு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) முடிந்த அப்புறம் சேருங்கள். ஈ.கோலை அடங்கி, உங்கள் பாக்டீரியா மட்டும் வளர்ந்தால்தான் 'எதிர்ப்புத்திறன்' என்று எழுதலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்! ஈயம் கலந்த கழிவைத் தனிப் பாட்டிலில் சேருங்கள், சிங்க்கில் வேண்டாம்.