வீட்டு வெப் சர்வர்: ரவுட்டரைத் தாண்டி வரும் வழி

பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினிப் பலகையிலோ சொந்தமாக ஒரு தளத்தை ஓட்டுபவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். எனக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி. ஆனால் வாசகர்களிடமிருந்து வந்திருக்கும் கேள்விகளைப் படித்தால் ஒன்று புரிகிறது: பக்கம் திறக்கவில்லை என்றதும் பலரும் சர்வரை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு வழியில்தான் இருக்கிறது. அந்த வழியில் எந்த இடம் அடைபட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கீழே அவர்களுடைய கேள்விகளும் என் பதில்களும்.

என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளைப் போட்டிருக்கிறேன். அதே கணினியில் பக்கம் வருகிறது. வீட்டிலுள்ள போனிலேயே வரவில்லை. ரவுட்டரில் என்ன மாற்ற வேண்டும்?

இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். வீட்டுக்குள்ளேயே வராத பக்கம் வெளியே போகாது. உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

சர்வர் எந்த முகவரியில் காது கொடுத்துக் கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். 127.0.0.1 என்று இருந்தால் அது தன்னோடு மட்டும்தான் பேசும். 0.0.0.0 என்று இருந்தால் எல்லா இணைப்புகளிலும் கேட்கிறது என்று பொருள். அது சரியாக இருந்தால் அடுத்தது அந்தக் கணினியின் சொந்த ஃபயர்வால் என்ற தடுப்பு அரண்; தளங்களுக்கான 80, 443 போர்ட்டுகள் (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்கள்) அதில் திறந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, போன் எந்த வைஃபையில் இருக்கிறது? விருந்தினர் வைஃபையில் இருந்தால், வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்க விடாமல் ரவுட்டரே தடுப்பது வழக்கம்.

பிரவுசர் காட்டும் பிழைச் செய்தியையும் படியுங்கள். இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தால், அந்த முகவரியில் கணினி இருக்கிறது, அந்த போர்ட்டில் கேட்க ஆள் இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். நெடுநேரம் சுற்றிவிட்டு நேரம் முடிந்தது என்று வந்தால், வழியில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் தடுக்கிறது, அல்லது முகவரியே தவறு. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி நேரம் மிச்சமாகும்.

போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே உள்ள கணினிக்கு ரவுட்டர் அனுப்பும் விதி) சரியாகச் செய்துவிட்டேன். வீட்டுக்குள் எல்லாக் கருவியிலும் பக்கம் வருகிறது. வெளியிலிருந்து எந்த போர்ட்டும் திறக்கவில்லை.

அதிகம் பேர் சிக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN) அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் ஒரு ஐ.பி. முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், 'உங்கள் ஐ.பி. இதுதான்' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது முகவரி உங்களுக்கு இருக்கிறது. ஃபார்வர்டிங் விதியை மறுபடி சரிபார்த்தால் போதும். வேறு வேறாக இருந்தால், உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு ரவுட்டர் இருக்கிறது.

அது யாருடையது என்று அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியும் ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது, அதற்குப் பின்னால் உங்கள் வைஃபை ரவுட்டர் நிற்கிறது. முதல் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் இரண்டு பெட்டியிலும் ஃபார்வர்டிங் போடுங்கள்.

100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் முகவரி என்றால் கதை வேறு. ஐ.பி.வி4 என்ற பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோனதால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கென்றே 2012இல் ஒதுக்கிய முகவரித் தொகுதி அது. சில நிறுவனங்கள் இதே வேலைக்கு 10 என்று தொடங்கும் முகவரியையும் தருவதுண்டு. இந்த நிலையில், மேலே இருக்கும் ரவுட்டர் நிறுவனத்தின் கையில் இருப்பதால், உங்கள் வீட்டில் எத்தனை விதி எழுதினாலும் பலன் இல்லை.

செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, பொது முகவரி வேண்டும் என்று நிறுவனத்திடம் கேட்பது. சிலர் கூடுதல் கட்டணத்துக்குத் தருவார்கள். இன்னொன்று சுரங்க வழி. உள்ளே வரும் இணைப்புதான் அடைபட்டிருக்கிறது, வெளியே போகும் இணைப்புக்குத் தடை இல்லை. அதனால் உங்கள் சர்வரே வெளியே உள்ள ஒரு கணினிக்கு இணைப்பு போட்டு அதை அறுபடாமல் வைத்திருக்கும். பார்வையாளர்கள் அந்த வழியாக வருவார்கள். கிளவுட்ஃபிளேர் டனல் இந்த முறையில்தான் வேலை செய்கிறது. அதில் தளத்தின் எச்.டி.டி.பி.எஸ். பூட்டு, அதாவது மறையாக்கம், கிளவுட்ஃபிளேரின் கணினியில் திறக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுங்கள். அது வேண்டாம் என்றால், பொது முகவரியுள்ள சிறிய வாடகைக் கணினி ஒன்றை எடுத்து, வயர்கார்டு என்ற சுரங்க வழி மென்பொருள் மூலம் வீட்டு சர்வரோடு இணைக்கலாம். வேலை கூடுதல், ஆனால் சாவி உங்களிடமே இருக்கும். எனக்கு இந்த வயர்கார்டு வழிதான் பிடிக்கும்.

நண்பர்களுக்குத் தளம் திறக்கிறது. என் வீட்டு வைஃபையில் மட்டும், டொமைன் பெயரை அடித்தால் ரவுட்டரின் லாகின் பக்கம் வருகிறது!

பயப்பட வேண்டாம், தளம் நன்றாகவே ஓடுகிறது. வீட்டுக்குள்ளிருந்து உங்கள் பொது முகவரியைக் கேட்டால், ரவுட்டர் அதைத் திருப்பி உள்ளே உள்ள சர்வருக்கு அனுப்ப வேண்டும். இதற்கு நாட் லூப்பேக் என்று பெயர், ஹேர்பின் என்றும் சொல்வார்கள். எல்லா ரவுட்டருக்கும் அது வராது. சில ரவுட்டர்கள் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துத் தன் பக்கத்தையே நீட்டிவிடும்.

வீட்டுக்குள் ஒரு டி.என்.எஸ். சர்வர் (டொமைன் பெயருக்கு ஐ.பி. முகவரியைச் சொல்வது) வைத்து, அந்தப் பெயருக்கு உள் முகவரியைப் பதிலாகக் கொடுங்கள். லேப்டாப்பிலேயே உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த உள் முகவரியை எழுதுவது சுலபம்தான், ஆனால் அந்த லேப்டாப்பை வெளியே எடுத்துப் போனதும் தளம் திறக்காது. வெளியிலிருந்து திறக்கிறதா என்று சோதிக்கும்போது, போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையில் சோதித்துவிட்டு ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லை என்று எழுதியவர்கள் மட்டும் மூன்று பேர்.

மின்சாரம் போய் வந்தால் தளம் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் விதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

ஃபார்வர்டிங் விதி 192.168.1.50 என்ற முகவரிக்கு அனுப்புகிறது. மின்சாரம் வந்ததும் ரவுட்டர் உங்கள் சர்வருக்கு 192.168.1.53 என்று வேறு முகவரியைக் கொடுத்துவிட்டது. அவ்வளவுதான். ரவுட்டரின் டி.எச்.சி.பி. ரிசர்வேஷன் என்ற பகுதியில் சர்வரின் மேக் முகவரியை (அதன் நெட்வொர்க் இணைப்பின் அடையாள எண்) எழுதி ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள்.

ஒரே கணினிக்கு வைஃபைக்கு ஒரு மேக் முகவரி, கேபிளுக்கு இன்னொரு மேக் முகவரி. ஒருமுறை என் சர்வரை வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாற்றிய நாளில், பழைய ஒதுக்கீட்டை அப்படியே விட்டுவிட்டு ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன். வைஃபையில் மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் தனியுரிமை வசதி இருந்தால், சர்வரில் மட்டும் அதை நிறுத்திவிடுங்கள்.

வெளி முகவரியும் மாறுகிறதே?

அதற்கு டைனமிக் டி.என்.எஸ். பல ரவுட்டர்களிலேயே இருக்கிறது. முகவரி மாறியதும் பெயருக்கான பதிவைத் தானே திருத்திவிடும். அந்தப் பதிவின் டி.டி.எல். மதிப்பை, அதாவது மற்றக் கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 விநாடி அளவில் வையுங்கள். ஒரு நாள் என்று வைத்தால் பழைய முகவரியே வெகுநேரம் பலருடைய கணினிகளில் தங்கிவிடும்.

வைஃபையில் ஓட்டலாமா, கேபிள் கட்டாயமா? 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு இருந்தும் தளம் மெதுவாகத் திறக்கிறது.

கேபிளுக்கு வழியிருந்தால் கேபிள்தான். வைஃபையில் ஓடும், ஆனால் சிக்னல் ஏறி இறங்கும்போது பார்வையாளருக்குத் திக்கித் திக்கி வரும்.

மெதுவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு. நீங்கள் சொல்லும் 100 பதிவிறக்க வேகம். தளத்தைப் பார்ப்பவருக்குப் போவது உங்கள் பதிவேற்ற வேகத்தில். அது 10 எம்.பி.பி.எஸ். என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் ஒரு பைட் என்பதால் அது விநாடிக்கு 1.25 மெகாபைட். கேமராவிலிருந்து அப்படியே எடுத்துப் போட்ட 5 மெகாபைட் படம் ஒன்று போக 4 விநாடி. மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்தால் ஆளுக்கு 12 விநாடி. படத்தை 200 கிலோபைட்டுக்குச் சுருக்கினால் வேறு தளம் போலத் தெரியும்.

எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் கேட்டால் மறுக்கிறது. இணைய நிறுவனம் 80ஆம் போர்ட்டை அடைத்திருக்கிறதாம்.

சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமாக 80ஆம் போர்ட்டில் வந்துதான் டொமைன் உங்களுடையதா என்று பார்க்கும். டி.என்.எஸ். சோதனை முறைக்கு மாறுங்கள். டொமைனின் டி.என்.எஸ். பதிவில் அவர்கள் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்தால் போதும், எந்த போர்ட்டும் திறக்க வேண்டாம். புதுப்பித்தலைக் கையால் செய்யாதீர்கள். இந்தச் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாள்தான். செர்ட்பாட், கேடி (Caddy) போன்ற ஒரு மென்பொருள் அதைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்.

இரண்டு டொமைன், ஒரே வீட்டு இணைப்பு. முடியுமா?

தாராளமாக. வரும் கோரிக்கையில் எந்தப் பெயரைக் கேட்கிறார்கள் என்பது எழுதியிருக்கும். 80, 443 இரண்டையும் ஒரே கணினிக்கு அனுப்பி, அங்கே ஒரு ரிவர்ஸ் பிராக்ஸி வைத்துப் பெயரைப் பார்த்துப் பிரித்துவிடுங்கள்.

ஐ.பி.வி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையாமே?

ஃபார்வர்டிங் தேவையில்லை, சர்வருக்கே உலகறிந்த முகவரி கிடைக்கும். ஆனாலும் ரவுட்டரின் ஐ.பி.வி6 ஃபயர்வால் உள்ளே வருவதைத் தடுக்கும், அப்படித் தடுப்பது நல்லதுதான். சர்வரின் முகவரிக்கு 80, 443 மட்டும் திறந்து, டி.என்.எஸ்.இல் ஏ.ஏ.ஏ.ஏ. பதிவு (பெயருக்கான ஐ.பி.வி6 முகவரி) சேருங்கள். ஐ.பி.வி4 மட்டுமே உள்ள பார்வையாளர்களால் அந்த வழியாக வர முடியாது. பொது முகவரி கிடைக்காதவர்களுக்கு இது பாதி தீர்வு.

விதி எழுதத் தெரியாமல் சர்வரை ரவுட்டரின் டி.எம்.இசட். வசதியில் போட்டேன், உடனே வேலை செய்தது. ஆனால் முதல் நாளே லாகில் (சர்வரின் வருகைப் பதிவில்) யார் யாரோ வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைக் கேட்கிறார்கள். என்னிடம் வேர்ட்பிரஸே இல்லை. யாராவது என்னைக் குறிவைக்கிறார்களா?

குறிவைக்கவில்லை. எல்லா வீட்டுக் கதவையும் தட்டுவது போலத் தட்டிப் பார்க்கிறார்கள். ஐ.பி.வி4 முகவரிகள் மொத்தம் 429 கோடிதான். 2013இல் வெளிவந்த ஸீமேப் என்ற கருவி, ஒரு போர்ட்டுக்கு அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் சோதிக்கும் என்று அதை எழுதிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதோடு, நீங்கள் சான்றிதழ் வாங்கிய டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. அதைப் படித்துக்கொண்டும் சிலர் வருவார்கள்.

டி.எம்.இசட்.ஐ இன்றே எடுத்துவிடுங்கள். அது உள்ளே வரும் எல்லா போர்ட்டையும் உங்கள் சர்வருக்கே திருப்பிவிடுகிறது. தளத்துக்கு வேண்டியது 80, 443 இரண்டு மட்டும். விதி எழுதக் கற்க அரை மணி நேரம் போதும். யூ.பி.என்.பி.யையும் அணையுங்கள், இல்லாவிட்டால் வீட்டிலுள்ள வேறு கருவிகள் உங்களைக் கேட்காமலே போர்ட் திறந்துகொள்ளும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச்.சை வெளியே திறக்காதீர்கள். வெளியிலிருந்து நுழைய வேண்டுமானால் வயர்கார்டு வழியாக வாருங்கள். திறந்தே ஆக வேண்டும் என்றால் பாஸ்வேர்டு நுழைவை நிறுத்திச் சாவிக் கோப்பு மட்டும் வையுங்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால்தான்.

இதெல்லாம் செய்த பிறகும் அந்த வரிகள் லாகில் வந்துகொண்டேதான் இருக்கும். வரியின் நடுவில் உள்ள எண்ணைப் பாருங்கள். 404 என்றால் கேட்டது இல்லை என்று சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது, விட்டுவிடலாம். உங்களிடம் இல்லாத ஒரு பக்கத்துக்கு 200, அதாவது கேட்டது கொடுக்கப்பட்டது, என்று வந்தால், அன்றைக்கே உட்கார்ந்து அது எப்படி அங்கே வந்தது என்று தேடுங்கள்.