பிணத்திடம் ஐந்து கேள்விகள்

அன்புள்ள அண்ணா,

வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் நண்பர்கள் நால்வருக்கு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன், ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். நான்தான் டி.எம்., அதாவது கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவன். இந்த முறை ஒரு கொலையைத் துப்பறியும் கதை வைத்தேன். துறைமுக ஊர் ஒன்றில், உப்புக் கிடங்குக்குள், சுங்க அதிகாரி பின்மண்டையில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிறார். அவர் நகக்கண்ணில் நீல வலைநூல். அது கிடைத்தால்தான் கதை நகரும். அதைக் கண்டுபிடிக்கப் பகடை உருட்டி 15 எடுக்கவேண்டும் என்று வைத்திருந்தேன். தேடியவனுக்குத் திறமைக்காக 3 கூடுதல் உண்டு, ஆனாலும் பகடையில் 7 விழுந்தது. இரண்டு மணி நேரம் சும்மா சுற்றினார்கள். கடைசியில் க்ளெரிக்காக, அதாவது மந்திரம் போடும் பூசாரியாக ஆடுபவன், இறந்தவரோடு பேசும் மந்திரத்தைப் போட்டான். கொலைகாரன் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயந்து, 'இந்த ஊரில் அது வேலை செய்யாது' என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடிவிட்டது. இப்போது எல்லோரும் கிடங்குக் காவல்காரர் மனைவியைச் சந்தேகிக்கிறார்கள். பேசாமல் அவளையே கொலைகாரி ஆக்கிவிடட்டுமா?

ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

முதலில் அந்த 7. மூன்றைக் கூட்டி 15 வரவேண்டுமென்றால், இருபது முகப் பகடையில் 12 முதல் 20 வரை 9 முகங்கள்தான் தேடியவருக்குச் சாதகம். நூற்றுக்கு 45. பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும் ஒரு கதவுக்குப் பின்னால் முழுக் கதையையும் வைத்துவிட்டீர்கள்.

நூலைக் கொடுத்துவிடுங்கள். 'கையைப் பார்க்கிறேன்' என்று ஒருவர் சொன்னாலே அது கண்ணில் படட்டும். பகடையை வேறு எதற்காவது உருட்டச் சொல்லுங்கள். எடுக்கும்போது காவல்காரர் பார்த்துவிட்டாரா? நன்றாக விழுந்தால், அது இன்னும் கடல்நீர் படாத புதுநூல் என்பதும் தெரியட்டும். ஆட்டங்களை உருவாக்கும் ராபின் லாஸ், துப்பறியும் கதைகளுக்கான தன் கம்ஷூ ஆட்டமுறையை இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டினார். உரிய திறமை உள்ளவர் உரிய இடத்தில் தேடினால், கதைக்கு அவசியமான துப்பு பகடை இல்லாமலே கிடைக்கும். கிடைத்ததை நடுவில் போட்டுக்கொண்டு நாலு பேரும் வாதாடுகிறார்களே, அந்த நேரத்துக்காகத்தானே நாம் இதை ஆடுகிறோம்.

அப்புறம், ஒரே துப்பை நம்பாதீர்கள். ஆட்டக்காரர்கள் வந்து சேரவேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று துப்பு வையுங்கள் என்கிறார் இந்த வகை ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர். அதே 45 வீதத்தில் தனித்தனியாக மூன்று இருந்தால், மூன்றும் கைநழுவிப் போக நூற்றுக்கு 17தான் வாய்ப்பு.

இந்தக் கணக்கு தெரிவதற்கு வெகு முன்பே இதை எங்கள் ஆயாவிடம் பார்த்திருக்கிறேன். ராயபுரத்தில் தண்ணீர் லாரி வரும் நாளில், வரிசையில் இருந்த ஆயாவின் பச்சைக் குடம், தண்ணீர் பிடித்துவைத்த அடுத்த நிமிடம் காணாமல் போனது. ஆயா கத்தவில்லை. இஸ்திரி போடுபவரிடம் போய் நின்றாள். அவர் குடத்தைப் பார்க்கவில்லை, ஆனால் சந்துக்குள் திரும்பிப் போகும் ஈரக்கோட்டைப் பார்த்திருந்தார். இட்லிக் கடை அக்கா, ஒருத்தி தன் முறை வரும் முன்பே வரிசையை விட்டுப் போனதைச் சொன்னாள். கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன், மூன்றாவது வீட்டு மாடிப்படியில் குடம் இடித்த சத்தத்தைக் கேட்டிருந்தான். யாரும் திருடுவதைப் பார்க்கவில்லை. ஆயா அந்தப் படிக்கட்டின் கீழே போய் நின்று, "தண்ணிய நீ வச்சிக்க, கொடத்தக் குடு" என்றாள். குடம் இறங்கி வந்தது. அன்று இஸ்திரிக்காரர் சாப்பிடப் போயிருந்தாலும் ஆயா அந்தப் படிக்கு வந்து சேர்ந்திருப்பாள். ஒன்று கண்ணில் பட்டது, ஒன்று காதில் விழுந்தது, ஒன்று இருக்கவேண்டிய ஆள் அங்கே இல்லாதது. உங்கள் மூன்று துப்புகளும் இப்படி வெவ்வேறு வகையாக இருக்கட்டும்.

சரி, மந்திரம். இதில்தான் எனக்கு உங்கள்மேல் வருத்தம். அந்த நண்பர் தன் பாத்திரத்துக்கு உரிய நல்ல யோசனையைச் செய்தார், நீங்கள் அதைத் தட்டிவிட்டீர்கள். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் இந்த மந்திரத்துக்கு உள்ள விதியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பிணத்துக்கு வாய் இருக்கவேண்டும். ஐந்து கேள்விகள் வரை கேட்கலாம். உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டுமே அதற்குத் தெரியும். கேட்பவரை எதிரியாக நினைத்தால் உண்மை சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. உங்கள் அதிகாரி பின்னாலிருந்து அடிபட்டவர். 'யார் கொன்றது' என்றால் 'தெரியாது' என்பார். கடைசியாக என்ன வாசனை வந்தது, யாருக்காகக் கிடங்கைத் திறந்துவைத்தீர்கள் என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் கதை திறக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த உலகத்துக் கொலைகாரனுக்கும் இந்த மந்திரம் தெரியும். ஒரு பிணத்திடம் ஒருமுறை பேசினால், அடுத்த 10 நாட்களுக்கு அதே மந்திரம் அதன்மேல் பலிக்காது. கெட்டிக்காரக் கொலைகாரன் காசு கொடுத்து ஒரு பூசாரியைப் பிடித்து, கொன்ற ராத்திரியே தானே பேசிவிடுவான். அப்போது 'இந்தப் பிணத்திடம் ஏற்கெனவே பேசியது யார்' என்பதே பெரிய துப்பாகிவிடும். மந்திரங்களைத் தடை செய்திருந்தால் இந்தக் கதை கிடைக்குமா? உண்மை பேசவைக்கும் வட்டம் என்ற இன்னொரு மந்திரமும் அப்படித்தான். உள்ளே நின்று அதற்குக் கட்டுப்பட்டுவிட்டவரால் பொய் சொல்ல முடியாது, ஆனால் பதிலைச் சுற்றிவளைக்கலாம். எந்தக் கேள்விக்கு வளைக்கிறார் என்று உங்கள் ஆட்கள் குறித்துக்கொள்வார்கள்.

காவல்காரர் மனைவியைக் கொலைகாரி ஆக்காதீர்கள். அவர்கள் நோட்டில் எழுதிவைத்த ஒவ்வொரு வரியும் நீங்கள் கொடுத்தது. இப்போது ஆளை மாற்றினால் அத்தனையும் பொய்யாகிவிடும். சந்தேகம் வீண்போகவும் வேண்டாம், அவள் எதையோ மறைக்கட்டும். இரவில் முந்தானையில் உப்பு அள்ளிப் போகிறவள், அன்றும் கிடங்குக்குள் இருந்திருக்கலாம். பயத்தில் சொல்லாமல் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும்போது, 'போன வாரம் நான் சொன்னது தப்பு, அந்த மந்திரம் இந்த ஊரிலும் பலிக்கும்' என்று அந்த நண்பரிடம் எல்லோர் முன்பும் சொல்லிவிடுங்கள். உப்புக் கிடங்கில் கிடக்கும் உடல் ஒரு வாரத்தில் கெட்டிருக்காது. வாய் இருக்கிறது. ஐந்து கேள்விகளும் அப்படியே மிச்சம் இருக்கின்றன.

அன்புடன்,
அண்ணன்