அமெரிக்க அரசியலில் மத வலதுசாரிகளுக்கு இவ்வளவு பிடி எப்படி வந்தது? தன்பாலீர்ப்பாளர் உரிமை விஷயத்தில் அவர்கள் ஜெயித்தார்களா, தோற்றார்களா?

2002 முதல் 2007 வரை ஒஹாயோவில், சின்சினாட்டிக்கு வடக்கே மேசன் என்ற ஊரில் குடியிருந்தேன். எச்1பி விசா, ஓட்டு கிடையாது. 2004 அதிபர் தேர்தலை வேலிக்கு வெளியே நின்று மேட்ச் பார்ப்பவன் மாதிரிதான் பார்த்தேன். இந்தக் கேள்விக்கு வாஷிங்டனை வைத்துப் பதில் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சின்சினாட்டியை வைத்துச் சொல்கிறேன். இந்தச் சண்டையில் பாதி அந்த ஒரே ஊரில் நடந்திருக்கிறது என்பது எனக்கே ஊரை விட்டு வந்த பிறகுதான் உறைத்தது.

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஐம்பது தாண்டியவர், பாப்டிஸ்ட் சபை. ஞாயிறு தவறாத மனிதர். 2003 ஜனவரியில் பனி கொட்டிய ஒரு ராத்திரி என் மனைவிக்கு வலி எடுத்தபோது நான் முதலில் கூப்பிட்டது அவரைத்தான். தன் பிக்கப் வண்டியில் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, விடியும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு வாரம் அவர் சபைப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர். நாங்கள் சைவம் என்பதுகூட எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரே ஒரு பாட்டி மட்டும் கோழி போட்டுக் கொண்டுவந்தார். "மாடு போடலையே" என்றார் அப்பாவியாக.

அந்த முறைப் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். பெயர், போன் நம்பர், எந்தக் கிழமை என்று கம்ப்யூட்டரில் அடித்த ஒரு தாள். 2004 கோடையில் அதே மாதிரி ஒரு தாள் அவர் மேசையில் கிடந்தது. அதே பெயர்கள்தான். இந்தத் தடவை சாப்பாட்டுக்குப் பதில் கையெழுத்து. திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டுமே என்று ஒஹாயோவின் அரசியல் சட்டத்தில் எழுதும் திருத்தத்தை ஓட்டுச்சீட்டில் ஏற்ற மூன்று லட்சத்துக்கும் மேல் கையெழுத்து தேவைப்பட்டது. யார் எந்தத் தெரு, யார் எத்தனை கையெழுத்து என்று பிரித்துப் போட்டிருந்தார்கள்.

பிடி எப்படி வந்தது என்று என்னைக் கேட்டால் அந்தத் தாளைத்தான் காட்டுவேன். கட்சிக்காரன் தேர்தலுக்குத் தேர்தல் கதவைத் தட்டுகிறவன். சபையோ வாராவாரம் கூடுகிறது. யார் வீட்டில் பிரசவம், யாருக்கு வேலை போச்சு, யார் இன்னும் வாக்காளராகப் பதியவில்லை, எல்லாம் அதற்குத் தெரியும். சமைத்துக் கொடுத்தவர் கையெழுத்துக் கேட்டால் யார் மறுப்பார்கள்? நான் அமெரிக்கக் குடிமகனாக இருந்திருந்தால் அன்று என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பதில் எனக்கே பிடிக்கவில்லை.

சபைகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. வர்ஜீனியாவில் பெரிய சபை நடத்திய ஜெர்ரி ஃபால்வெல், 1965-ல் மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்கள் உச்சத்தில் இருந்தபோது, பாஸ்டர்களுக்கு அரசியலில் வேலையில்லை, ஆத்தும ஆதாயம்தான், அதாவது ஆன்மாக்களை இயேசுவிடம் சேர்ப்பதுதான் அவர்கள் வேலை என்று பிரசங்கம் செய்தார். அதே ஃபால்வெல் 1979-ல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். நடுவில் என்ன ஆயிற்று? கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்பார்கள். அது பாதிக் கதை. அந்தத் தீர்ப்பைக் கேட்டு முதலில் கொதித்தவர்கள் கத்தோலிக்கர்கள். தெற்கு பாப்டிஸ்டுகளின் மாநாடோ 1971-லேயே, சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. கறுப்பின மாணவர்களை ஒதுக்கிய கிறிஸ்தவக் கல்வி நிலையங்களின் வரிவிலக்கில் அரசு கை வைத்தபோதுதான் இவர்களுக்குச் சுட்டது. கறுப்பர்-வெள்ளையர் காதலைத் தடை செய்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் வரிவிலக்கை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 1983-ல் 8-1 என்று தோற்றது. ஆனால் இதை வைத்து நாடு முழுக்க மேடை போட முடியாது. மேடைக்கு வேறு சரக்கு வேண்டியிருந்தது.

அது 1977-ல் மயாமியில் கிடைத்தது. வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளர்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று மயாமி இருக்கும் டேட் மாவட்டம் ஒரு விதி போட்டது. ஃப்ளோரிடா ஆரஞ்சு ஜூஸ் விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருந்த பாடகி அனிட்டா பிரையன்ட் அதை எதிர்த்துக் கிளம்பினார். இயக்கத்துக்கு வைத்த பெயர் 'நம் குழந்தைகளைக் காப்பாற்றுவோம்'. கடவுள் பெயர் இல்லை, பாவம் என்ற சொல் இல்லை, குழந்தை! அந்த ஜூன் 7 அன்று கிட்டத்தட்ட 70 சதவீத ஓட்டில் விதி ரத்தானது. அவருக்காக மேடையேறியவர்களில் ஃபால்வெல்லும் ஒருவர். (பதிலுக்குத் தன்பாலீர்ப்பாளர் பார்களில் ஆரஞ்சு ஜூஸைத் தூக்கிவிட்டு, வோட்காவில் ஆப்பிள் ஜூஸ் கலந்து அனிட்டா பெயரிலேயே விற்றது தனிக் கதை.) ஆளை விடுங்கள், சூத்திரம் நின்றுவிட்டது: சட்டமன்றத்தைச் சுற்றிக்கொண்டு நேரே வாக்காளரிடம் போ, குழந்தையை முன்னால் நிறுத்து. எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லை. தன்பாலீர்ப்பாளர்களைப் பள்ளி வேலையிலிருந்து நீக்க 1978-ல் கலிஃபோர்னியாவில் கொண்டுவந்த முன்மொழிவு தோற்றது. அதை எதிர்த்துப் பேசியவர்களில் ரொனால்ட் ரேகனும் உண்டு. அதே ரேகன் 1980 ஆகஸ்டில், அதிபர் வேட்பாளராக, டல்லஸில் பாஸ்டர்கள் கூட்டத்தில் நின்று, நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். வரிவிலக்கு வாங்கும் சபை ஒரு வேட்பாளரை ஆதரிக்கக் கூடாது என்று 1954-லிருந்து சட்டம். ரேகன் அதற்குள் அழகாகப் புகுந்து வெளியே வந்தார்.

இந்தச் சட்டத்தைத் தாண்டாமல் எப்படி வேலை செய்வது என்பதையும் கண்ணால் பார்த்தேன். 2004 அக்டோபரில் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பிக்கப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் கிடந்தது. இடப்பக்கம் புஷ் படம், வலப்பக்கம் எதிர் வேட்பாளர் கெர்ரி படம். புஷ் நல்ல வெளிச்சத்தில், கெர்ரி ஏதோ அஜீரணத்தில் இருப்பவர் போல. நடுவில் கட்டம்: திருமணம், கருக்கலைப்பு, பள்ளியில் ஜெபம். ஒவ்வொன்றுக்கும் ஆதரிக்கிறார், எதிர்க்கிறார். யாருக்கு ஓட்டுப் போடு என்று ஒரு வரி கிடையாது. கடைசியில் ஜெபித்து முடிவெடுங்கள் என்று மட்டும் இருந்தது. இந்த வித்தையைத் தொண்ணூறுகளில் பரவலாக்கியது டிவி பிரசங்கியார் பாட் ராபர்ட்சனின் 'கிறிஸ்டியன் கொயலிஷன்' என்ற அமைப்பு. தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு, சபை வாசலில், கட்டுக் கட்டாக.

சின்சினாட்டிக்கு இது பழகிய ஆட்டம். 1992-ல் மாநகராட்சி ஒரு மனித உரிமை விதி கொண்டுவந்து, அதில் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் பாதுகாப்பு கொடுத்தது. மறு வருஷமே பொது வாக்கெடுப்பில் அது போனது. போனதோடு விடவில்லை. இனிமேல் இப்படி ஒரு விதியை மாநகராட்சி போடவே கூடாது என்று நகரச் சாசனத்தில் பன்னிரண்டாம் பிரிவாக எழுதி வைத்தார்கள். அதை எதிர்த்து வழக்காடியவர் அல் கெர்ஹார்ட்ஸ்டீன் என்ற உள்ளூர் வக்கீல். தோற்றார். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2004-ல் அந்தப் பிரிவை நீக்க ஒரு வாக்கெடுப்பு வந்தது. மாநிலத் திருமணத் திருத்தத்துக்கும் அதே நாள். சின்சினாட்டியில் தலைமையகம் வைத்திருக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நீக்குவதை ஆதரித்தது. ஊரின் பெயர் கெட்டால் நல்ல ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்பது கம்பெனிக் கணக்கு. உடனே ஜேம்ஸ் டாப்சன், அந்தக் கம்பெனியின் டைட் சோப்புத்தூளும் கிரெஸ்ட் பற்பசையும் வாங்காதீர்கள் என்று அறிவித்தார். 'ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி' என்ற பெரிய கிறிஸ்தவ அமைப்பின் அப்போதைய தலைவர் அவர். எங்கள் வீட்டில் டைட்தான். என் மனைவி கேட்டாள்: "என்னங்க, சோப்புத்தூள் வாங்கறதுக்குமா இந்த ஊர்ல ஜாதி பார்க்கணும்?"

நவம்பர் 2 இரவு இரண்டு முடிவும் வந்தன. ஒஹாயோ முழுக்கத் திருத்தம் 60 சதவீதத்துக்கும் மேல் வாங்கி ஜெயித்தது. சின்சினாட்டி நகருக்குள்ளோ பன்னிரண்டாம் பிரிவு தூக்கப்பட்டது. ஒரே நாள், ஒரே வாக்குச்சாவடி. அன்றைக்கு 11 மாநிலங்களில் இப்படிப்பட்ட திருத்தங்கள் ஓட்டுக்கு வந்து பதினொன்றும் ஜெயித்தன. ஒஹாயோவில் புஷ் ஜெயித்தது சுமார் 1,18,000 ஓட்டில், அந்த மாநிலம் இல்லாவிட்டால் அவருக்கு வெள்ளை மாளிகை இல்லை. கல்யாணத் திருத்தம்தான் புஷ்ஷைக் காப்பாற்றியது என்று மறுநாளே கதை கிளம்பியது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. அந்த வருஷம் போரும் பயங்கரவாதமும்தான் எல்லார் வாயிலும் இருந்தன. ஆனால் இரண்டு கட்சிகளும் அந்தக் கதையை நம்பின. வலதுசாரிகளின் உண்மையான பலம் அந்தப் பயம்தான். ஒபாமாகூட அதிபரான பிறகும் 2012 மே வரை ஒருபால் திருமணத்தை ஆதரிப்பதாகச் சொல்லவில்லை. புஷ்ஷின் அந்தப் பிரசாரத்தை நடத்திய கென் மெல்மன், தானே தன்பாலீர்ப்பாளர் என்று 2010-ல் சொன்னார். அதை என்னவென்று சொல்வது?

திருத்தத்தில் இன்னொரு வில்லங்கம் இருந்தது. திருமணத்தைப் போன்ற எந்த உறவுக்கும் சட்ட அந்தஸ்து தரக் கூடாது என்று ஒரு வாக்கியம். புஷ்ஷின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் பாப் டாஃப்ட்டே இது அளவுக்கு மீறியது என்று எதிர்த்தார். அவர் பயந்தது சரிதான். கல்யாணம் ஆகாமல் கூட வாழ்ந்த பெண்ணை அடித்தவர்கள், எங்கள் உறவை மாநிலம் அங்கீகரிக்கவே முடியாது, அப்புறம் குடும்ப வன்முறைச் சட்டம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று வாதாடினார்கள். சில நீதிமன்றங்கள் ஒத்துக்கொள்ளவும் செய்தன. 2007-ல் மாநில உச்ச நீதிமன்றம்தான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. குடும்பத்தைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

இனி, தோற்ற கதை. சின்சினாட்டியில் ஜிம் ஓபர்கெஃபல், ஜான் ஆர்தர் என்று இருவர் இருபது வருஷமாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஜானுக்குத் தசைகள் செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய், 2013-ல் படுத்த படுக்கை. அந்த ஜூனில் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் செய்துவைத்த ஒருபால் திருமணங்களை மத்திய அரசு ஏற்க வேண்டும் என்றது. அன்றே ஜிம் கல்யாணம் பேசினார். ஒஹாயோவில் முடியாது. மேரிலாண்டில் உரிமம் வாங்க இருவரில் ஒருவர் போனால் போதும். நண்பர்கள் பணம் திரட்டிக் கொடுக்க, மருத்துவ விமானம் அமர்த்தி பால்டிமோர் போனார்கள். ஓடுபாதை ஓரம் நின்ற விமானத்துக்குள்ளேயே, ஜானின் அத்தை கல்யாணத்தை நடத்திவைத்தார். உடனே திரும்பி வந்தார்கள்.

சில நாளில் ஒரு வக்கீல் பார்க்க வந்தார். அதே அல் கெர்ஹார்ட்ஸ்டீன். கையில் ஒரு வெற்று மரணச் சான்றிதழ் படிவம். ஜான் இறந்தால் இந்தக் கட்டத்தில் 'திருமணமாகாதவர்' என்று எழுதுவார்கள், துணைவர் பெயருக்கான இந்த இடம் காலியாக இருக்கும் என்று விரலை வைத்துக் காட்டினார். அந்தக் கட்டத்துக்காகத்தான் வழக்கு. ஜான் அந்த அக்டோபரில் இறந்தார். வழக்கு மட்டும் மேலே மேலே போய், 2015 ஜூன் 26 அன்று 5-4 என்ற கணக்கில், ஒருபால் திருமணம் நாடு முழுவதும் செல்லும் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பானது. எழுதியவர் ஆன்டனி கென்னடி, ரேகன் நியமித்த நீதிபதி.

ஆனால் நீதிமன்றம் மட்டும் மாற்றியதாக நான் நினைக்கவில்லை. காலப் நிறுவனத்தின் கருத்துக் கணிப்பில் 1996-ல் ஒருபால் திருமணத்தை ஆதரித்தவர்கள் 27 சதவீதம், 2023-ல் 71. சின்சினாட்டிக்காரரான முன்னாள் செனட்டர் ராப் போர்ட்மன், 1996-ல் ஒருபால் திருமணத்துக்கு எதிரான மத்தியச் சட்டத்தை முன்மொழிந்தவர்களில் ஒருவர். 2011-ல் அவர் மகன் தான் தன்பாலீர்ப்பாளர் என்று வீட்டில் சொன்னான். இரண்டு வருஷம் யோசித்துவிட்டு அப்பா தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார். 2022-ல் ஒருபால் திருமணத்தைப் பாதுகாக்கும் மத்தியச் சட்டத்துக்கு செனட்டில் ஓட்டுப் போட்ட 12 குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். சபை எத்தனை தாள் அச்சடித்தாலும் மகன் சொன்னதற்குப் பதில் எழுத முடியவில்லை. அனிட்டா பிரையன்ட் முன்னால் நிறுத்திய அந்தக் குழந்தைகளில் சிலர் வளர்ந்து வந்து பேசினார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் தோற்றுவிட்டார்களா? அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது. அது இப்போது நீதிபதிகள் நியமனத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் போயிருக்கிறது, தன்பாலீர்ப்பாளர்களை விட்டுத் திருநர்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022-ல் கருக்கலைப்பு உரிமையை வீழ்த்திய தீர்ப்பு அந்த உழைப்பின் பலன். 2025 ஜூனில் தெற்கு பாப்டிஸ்டுகள் டல்லஸில் கூடி ஓபர்கெஃபல் தீர்ப்பையும் கவிழ்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த நவம்பரில் அப்படி ஒரு மனு வந்தபோது உச்ச நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒஹாயோ அரசியல் சட்டத்தில் 2004-ல் எழுதிய வாக்கியத்தை இன்றுவரை யாரும் நீக்கவில்லை. செல்லாது, ஆனால் அச்சில் இருக்கிறது. ஓபர்கெஃபல் தீர்ப்பு என்றாவது விழுந்தால் மறுநாளே உயிர் பெறும். சின்சினாட்டி ஜோடி கல்யாணத்துக்கு மறுபடியும் மேரிலாண்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஒரே வித்தியாசம், 2022 சட்டத்தின்படி அந்தக் கல்யாணத்தை ஒஹாயோ ஏற்றாக வேண்டும். அந்தக் கட்டத்தில் 'திருமணமானவர்' என்று எழுதித்தான் ஆக வேண்டும்.