கோயில்களில் பெரிய நாட்டமில்லை. அங்கோர் வாட்டுக்கு 37 டாலர் கொடுக்கலாமா?

முதுகுப்பையோடு தாய்லாந்தும் கம்போடியாவும் சுற்றுகிறீர்கள். அங்கோர் வாட்டுக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் தங்கப்போவது இரண்டு இரவு. கோயில் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது, எல்லாரும் போகிறார்களே என்றுதான் போவதாகச் சொல்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம், ஒரு நாள் சீட்டே போதும். 3 நாள் சீட்டு 62 டாலர், 7 நாள் சீட்டு 72 டாலர். உங்களுக்கு இரண்டும் வேண்டாம்.

சலிப்பு பெரும்பாலும் பார்க்கும் வரிசையால் வருவது. டுக்-டுக்காரர்கள் வழக்கமாக அழைத்துப்போவது 17 கிலோமீட்டர் "சின்னச் சுற்று". விடியற்காலை 4.30-க்குக் கிளம்பி, அங்கோர் வாட் குளக்கரையில் கூட்டத்தோடு நின்று சூரியோதயம் பார்த்து, பிறகு பாயோன், பாபுவோன், தா கேயோ என்று செங்குத்துப் படிகளாக ஏறி இறங்குவதற்குள் பதினொரு மணி வெயில் வந்துவிடும். அதற்கு மேல் எந்தச் சிற்பமும் கண்ணில் ஏறாது. தா ப்ரோமை உச்சி வேளையில், கூட்டம் நெரியும்போது பார்க்க நேரும். மழைக்காலமென்றால் சூரியோதயமே மேகத்துக்குள் போய்விடும்.

ஆகவே அந்த ஒரு நாளுக்கு மூன்றே இடம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலை 5 மணிக்கு மேல் அதிகாரபூர்வச் சீட்டு அலுவலகத்தில் மறுநாளுக்கான சீட்டை வாங்குங்கள். அது அன்று மாலையே செல்லும், நாள் கணக்கில் சேராது. நேரே ப்ரே ரூப் கோயிலுக்குப் போய்ச் சூரிய அஸ்தமனம் பாருங்கள். 7 மணி வரை திறந்திருக்கும். சூரிய அஸ்தமனத்துக்குப் பேர்போன ப்னோம் பாகெங் குன்றின் மேல் ஒரு நேரத்தில் 300 பேரைத்தான் விடுவார்கள் என்பதால் அங்கே வரிசையில் நிற்கும்போதே இருட்டிவிடலாம். சீட்டில் உங்கள் புகைப்படம் அச்சாகியிருக்கும், ஒவ்வொரு கோயிலிலும் கேட்பார்கள். பத்திரம். கிழிந்த டாலர் நோட்டு ஊர் முழுக்கச் செல்லாது.

மறுநாள் காலை 7 மணிவாக்கில் அங்கோர் வாட்டின் கிழக்கு வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள். அந்நேரத்தில் சூரியோதயக் கூட்டம் சாப்பிடப் போயிருக்கும். கிழக்கு வாசலில் எப்போதுமே ஆள் குறைவு. உள்ளே போய் இடப்பக்கம் திரும்பினால் பாற்கடல் கடையும் சிற்பம், ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். ஒரு பக்கம் 92 அசுரர், மறு பக்கம் 88 தேவர். நடுவில் திருமால், அடியில் ஆமை, தேவர்கள் பக்கம் பாம்பின் வால் நுனியில் அனுமன். கிழக்கு வெளிச்சம் நேராகச் சுவரில் விழும் நேரம் அதுதான்.

அங்கிருந்து கோயிலை வலம் வாருங்கள். தெற்குச் சுவரில் முதலில் எமனும் சொர்க்க நரகங்களும், அடுத்து கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் ஊர்வலம். மேற்குச் சுவரில் குருச்சேத்திரம், அம்புகள் தைத்த பீஷ்மர். கடைசியாக இலங்கைப் போர், இருபது கையோடு இராவணன், அனுமன் தோளில் இராமன். பிற நாட்டார் வழிகாட்டி வைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கதைகள் இவை. பாட்டி சொன்ன கதையாக உங்களுக்கு முன்பே தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே தமிழர்கள் இங்கே அரைமனதோடு நடந்து போய்விடக் கூடாது என்பேன். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உச்சிக் கோபுரமான பாக்கானுக்கு ஏற முழங்காலும் தோளும் மூடிய உடை வேண்டும். கையில்லாச் சட்டைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பௌத்தப் புனித நாட்களில் மேல்தளம் மூடியிருக்கும்.

பிறகு பாயோன். மேலே உள்ள முகங்களை எல்லாரும் படமெடுப்பார்கள். நீங்கள் கீழே வெளிச்சுற்றுச் சுவரைப் பாருங்கள்: சந்தை, சேவல் சண்டை, பிரசவம், அண்டை நாடான சாம்பாவின் படையோடு நடக்கும் படகுப் போர். பதினோரு மணிக்கு விடுதிக்குத் திரும்பித் தூங்குங்கள். மாலை 4 மணிக்குத் தா ப்ரோம். மரவேர்கள் கவ்விப் பிடித்த சுவர்கள் அப்போது ஓரளவு காலியாக இருக்கும், 5.30-க்கு மூடுவார்கள்.

ஒரு நாள் டுக்-டுக் 15 முதல் 20 டாலர். நடுவில் விடுதிக்கு வந்து போவதைக் கிளம்பும் முன்பே பேசி முடியுங்கள். சமதரை என்பதால் சைக்கிளும் ஓடும், ஆனால் ஏப்ரல் வெயிலில் வேண்டாம்.

பன்டே ஸ்ரேய் கோயில் அழகானது. கைலாயத்தை இராவணன் அசைக்கும் சிற்பம் அங்கே இருக்கிறது. ஆனால் ஊரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு மேல். இந்த ஒரு நாளில் திணிக்காதீர்கள். மிதக்கும் கிராமப் படகுச் சவாரியை விட்டுவிடலாம்: பள்ளிக்கூடத்துக்கு அரிசி மூட்டை வாங்கிக்கொடு என்று நடுவழியில் கடையில் நிறுத்தும் வழக்கம் அங்கே உண்டு. சாப்பாட்டோடு சேர்த்து விற்கும் அப்சரா நடனத்தைவிட, இரவில் ஃபாரே சர்க்கஸ் பாருங்கள். கம்போடியாவின் பட்டம்பாங் நகரில் 1994-இல் தொடங்கிய கலைப்பள்ளியில் பயின்றவர்கள் நடத்துவது, சுமார் ஒரு மணி நேரம்.