கேமராவை விடுங்கள், இஷ்யூ நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். டிவி, ரேடியோ, சவுண்ட் என்று இந்தப் பக்கம்தான் படிப்பேன் என்கிறாள். ஒரு கல்லூரியில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்கிறார்கள், இன்னொன்றில் மாஸ் காம் (மாஸ் கம்யூனிகேஷன்), மற்றொன்றில் எலக்ட்ரானிக் மீடியா. ஒரு இடத்தில் பெரிய ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டினார்கள். சேரும்போதே ஒன்றரை லட்சத்துக்கு ஒரு கேமரா வாங்கிவிட்டால் நல்லது என்றும் சொன்னார்கள். எங்களுக்கு விவசாயம். "ரேடியோவைப் போய்ப் படிப்பார்களா" என்று அவள் தாத்தா கேட்கிறார். எதைப் பார்த்துச் சேர்ப்பது? நம் பக்கம் வேலை கிடைக்குமா? (மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் அந்த ஒன்றரை லட்சத்தை எடுத்த இடத்திலேயே வையுங்கள். முதல் வருடத்தில் சொந்தக் கேமரா தேவையே இல்லை. கேமரா இருந்தால்தான் படிக்க முடியும் என்று ஒரு கல்லூரி சொன்னால், கட்டணம் வாங்கும் அவர்களிடம் மாணவர் கையில் கொடுக்கப் போதுமான கேமரா இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். பொதுவாக விஸ்காமில் ஓவியம், போட்டோ, டிசைன், விளம்பரம், சினிமா எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். மாஸ் காம், ஜர்னலிசம் என்றால் எழுத்தும் செய்தியும் ஊடகச் சட்டமும் கூடுதல். எலக்ட்ரானிக் மீடியா என்று போட்டிருந்தால் டிவி, ரேடியோ தயாரிப்புக்குக் கொஞ்சம் அதிக இடம் இருக்கும். ஆனால் பெயரை வைத்து முடிவெடுக்க வேண்டாம். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. அதனால் திருச்சியிலேயே அடுத்தடுத்த இரண்டு கல்லூரிகளில் ஒரே பெயருள்ள பட்டத்துக்குள் இருக்கும் பாடங்கள் வேறாக இருக்கலாம். கல்லூரி இணையதளத்தில் பாடத்திட்டத்தை இறக்கி, ஆறு செமஸ்டரிலும் செய்முறைத் தாள்கள் எத்தனை, அதில் ஒலிக்கு எத்தனை, டிவிக்கு எத்தனை என்று மகளை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை.

அப்புறம் நேரில் போங்கள். அட்மிஷன் நாளில் வேண்டாம். அன்றைக்கு எல்லாமே துடைத்து வைத்திருக்கும். வகுப்பு நடக்கிற சாதாரண நாளில், மதியம் மூன்று மணி வாக்கில் போய் நில்லுங்கள். ஸ்டுடியோ பூட்டியிருந்து, சாவி யாரிடம் என்று ஆள் தேடி, திறந்தால் கேமரா மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா? அது விருந்தாளிக்குக் காட்டும் ஸ்டுடியோ. தரையில் கேபிள் கிடந்து, சுவரோரம் படப்பிடிப்பில் பின்னணிக்குக் கட்டும் பச்சைத் துணி பாதி கிழிந்து தொங்கி, இரண்டு பேர் லைட் ஸ்டாண்டை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் நம்பிச் சேர்க்கலாம்.

உள்ளே போனதும் ஒரு தடவை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் அறையை ஒலிப்பதிவுக்கென்று கட்டியிருக்கிறார்கள். கல்யாண மண்டபம் போலத் திரும்பி ஒலித்தால் சும்மா ஒரு அறைக்குப் பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள். சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருந்தால் ஏமாற வேண்டாம். அது எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும். வெளியே போகிற பஸ்ஸின் ஹாரனைத் தடுக்காது.

இதையெல்லாம் விட முக்கியமானது கருவிகளை மாணவருக்குக் கொடுத்து வாங்கும் இஷ்யூ நோட்டு. அதைக் காட்டச் சொல்லுங்கள். யார், எந்தத் தேதியில், எந்த மைக்கை, கேமராவை எடுத்துப் போனார்கள் என்று அதில் இருக்கும். வாரம் முழுக்கக் கையெழுத்து நிறைந்திருந்தால் சரி. பரீட்சை மாதத்தில் மட்டும் நாலு வரி இருந்தால், உங்கள் மகள் மூன்று வருடத்தில் கேமராவைத் தொடப்போவது பத்துப் பதினைந்து தடவைதான். இந்தத் தொழில் சைக்கிள் மாதிரி. நோட்ஸ் எடுத்து ஓட்டக் கற்றவர் யாரும் இல்லை.

கடைசியாக, போன வருடம் முடித்தவர்கள் செய்த வேலையில் மூன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பரிசு வாங்கியது வேண்டாம், சாதாரணமானதே போதும். படத்தைப் பார்ப்பதை விட ஒலியைக் கவனியுங்கள். பேச்சு தெளிவாக இருக்கிறதா, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது பின்னால் கேட்கும் இரைச்சல் திடீரென்று மாறுகிறதா? படம் சுமாராக இருந்தாலும் ஜனம் பொறுத்துக்கொள்ளும். பேச்சு கேட்காவிட்டால் பத்து விநாடியில் மாற்றிவிடும். ஆனாலும் நம் கல்லூரிகளில் ஒலிதான் கடைசிப் பந்தி.

நான் அதை எங்கே கற்றேன் என்று சொல்கிறேன். படிக்கும்போது இரண்டாம் வருடம், வாய்க்காலில் தண்ணீர் வராத ஒரு குறுவையில், ஒரு விவசாயியைப் பேட்டி எடுக்கப் போனோம். வரப்பில் உட்கார்ந்து மனிதர் அருமையாகப் பேசினார். பின்னால் போர்செட் ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்சம் நிறுத்த முடியுமா?" என்று கேட்டோம். "தம்பி, மும்முனை கரண்ட் இருக்கறப்பவே பாய்ச்சினாத்தான் உண்டு. நீங்க வேணா அப்புறம் வாங்க" என்றார். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அப்படியே பதிவு செய்துகொண்டு வந்தோம். எடிட்டில் மோட்டார் சத்தத்தைக் குறைக்கக் குறைக்க அவர் குரலும் கூடவே தேய்ந்தது. ஆசிரியர் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஏன்டா, அவரை நாற்பது அடி தள்ளி வைக்கோல்போருக்குப் பின்னால் கூட்டிப் போனால் என்ன?" மோட்டார் சத்தத்தைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்து, வேண்டிய அளவுக்குப் பின்னால் சேர்த்திருக்கலாம். பேச்சையும் பம்பையும் ஒன்றாக எடுத்துவிட்டால் பிரிப்பது பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற கதை. இப்போது கணினியில் ஓரளவு பிரிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன, உண்மைதான். ஆனால் குரல் டப்பாவுக்குள் இருந்து பேசுவது போல் ஆகிவிடும்.

நாதஸ்வரம் இன்னொரு பாடம். புதிதாக வருகிறவர்கள் மைக்கை அணசுக்கு (நாதஸ்வரத்தின் விரிந்த வாய்க்கு) நேராக, ஒரு சாண் தூரத்தில் வைப்பார்கள். திறந்த வெளியில் ஊருக்கே கேட்க வேண்டும் என்று செய்த வாத்தியம் அது. மைக் தாங்காமல் ஒலி உடைந்துவிடும். டிஜிட்டலில் அளவு, உச்ச எல்லையான பூஜ்யம் டெசிபலைத் தாண்டி வெட்டுப்பட்டால் அதை முழுசாகச் சரி செய்ய முடியாது. அதனால்தான் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். இன்னொன்று, ஒலி அணசு வழியாக மட்டும் வருவதில்லை; திறந்திருக்கும் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. மைக்கை ஐந்தாறு அடி தள்ளி, வாத்தியத்தின் நடுவைப் பார்த்து வைத்தால்தான் முழு நாதமும் விழும். அந்த வாத்தியத்தைக் கடையும் நரசிங்கம்பேட்டை உங்கள் மாவட்டத்துக்குப் பக்கம்தான். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு நாள் மகளைக் கூட்டிப் போங்கள். மூன்றாம் செமஸ்டர் புராஜெக்ட் அங்கேயே கிடைத்துவிடும்.

பிளஸ் டூவில் அவள் படித்த இயற்பியல் இங்கே வீண் போகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 50-இல் ஒரு பங்கு அல்லது 100-இல் ஒரு பங்கு விநாடியில் வைக்காவிட்டால் படத்தில் பட்டைப் பட்டையாக ஓடும். ஒலிப்பதிவைச் சிறப்பாகச் சொல்லித்தரும் சில படிப்புகளில் பிளஸ் டூ இயற்பியலைத் தகுதியாகவே கேட்கிறார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

எங்கே படிப்பது? சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் நான்கு வருடப் பட்டப்படிப்புகள். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியாரை விட மிகக் குறைவு, இடங்களும் குறைவு. சினிமா ஒலிதான் லட்சியம் என்றால் முதலில் அங்கே முயற்சி செய்யட்டும். வீட்டுக்குப் பக்கத்தில்தான் என்றால், திருச்சியிலும் தஞ்சாவூர்ப் பக்கமும் மூன்று வருட விஸ்காம் கிடைக்கிறது. அது முடித்து முதுகலை வேண்டுமென்றால் திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை இருக்கிறது, நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். புனே, கொல்கத்தா திரைப்படக் கல்லூரிகள் பட்டம் முடித்த பிறகு.

இரண்டு கல்லூரி சம அளவில் இருந்தால், வளாகத்தில் சமுதாய வானொலி (சுற்றுவட்டார மக்களுக்காக நடத்தும் சின்ன வானொலி) உள்ளதற்குப் போங்கள் என்பேன். இந்தியாவில் இப்படி வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கி வைத்தது அண்ணா பல்கலைக்கழகம்தான், 2004-இல். நம் பக்கம் வல்லத்தில் பெரியார் மணியம்மை பல்கலைக்கழகம், திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரி என்று கல்வி நிறுவனங்கள் நடத்தும் வானொலிகள் உண்டு. சின்ன டிரான்ஸ்மிட்டர், சுமார் பத்து கிலோமீட்டர்தான் எட்டும். ஆனால் காலை ஆறு மணிக்கு நிகழ்ச்சி போயாக வேண்டும். "நாளைக்கு எடிட் பண்ணித் தரேன் சார்" என்பது ரேடியோவில் நடக்காது. அந்தக் கெடுபிடி வகுப்பறையில் கிடைக்காது.

தாத்தாவிடம் ஒன்று கேளுங்கள்: ரேடியோ நெல் ஞாபகம் இருக்கிறதா என்று. 1960-களில் ஆடுதுறை 27 ரகம் வந்தபோது, திருச்சி வானொலி அதை எப்படி நடுவது, எப்போது உரம் போடுவது என்று விடாமல் சொன்னது. ரேடியோ சொல்லித்தான் வந்தது என்பதால் தஞ்சாவூர் மிராசுகளிலிருந்து குத்தகைக்காரர் வரை அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1939-இல் தொடங்கிய நிலையம் அது. ரேடியோவைப் படித்தவர்கள்தான் அவர் வயலுக்குள் வந்து பேசினார்கள். இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

வேலை விஷயத்தில் நேராகச் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளத்துக்கு டிவி சேனலில் உட்கார வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னைதான். செய்தி சேனலில் ஷிஃப்ட் உண்டு, ராத்திரி வேலை உண்டு. பெண் பிள்ளை என்றால் வண்டி வசதி தருகிறார்களா என்று சேரும் முன் கேட்க வேண்டும். சவுண்ட் பக்கம் பெண்கள் இன்னும் குறைவு. ஆள் குறைவு என்பதாலேயே வேலை தெரிந்த ஒருத்தியை மறக்க மாட்டார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். டெல்டாவிலேயே இருக்க வேண்டுமென்றால் ஒரே சம்பளத்தை நம்ப முடியாது. கல்யாண வீடியோ எடிட்டிங், கும்பாபிஷேக நேரலை, கச்சேரிப் பதிவு, வானொலியில் தற்காலிக அறிவிப்பாளர் என்று நாலைந்தைச் சேர்த்துக் கட்ட வேண்டும். அறிவிப்பாளருக்குக் குரல் தேர்வு வைப்பார்கள்; ல, ழ, ள மூன்றும் இப்போதிருந்தே நாக்கில் ஏறட்டும்.

இன்னொரு ஆசிரியரையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் மைக்செட்காரர். மைக் ஏன் ஊளையிடுகிறது, ஸ்பீக்கரை மைக்குக்கு முன்னால் தள்ளி வைத்தால் ஏன் அடங்குகிறது என்பதை நான் புத்தகத்தில் படிக்கும் முன் ஒரு மைக்செட் அண்ணனிடம்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மார்கழி மாதம் மகள் அவருக்குக் கேபிள் சுற்றிக் கொடுத்தால் ஒரு செமஸ்டருக்குச் சமம்.

வாங்கித் தர வேண்டியது என்ன? காதை முழுக்க மூடும், வயர் உள்ள ஹெட்போன் ஒன்று. ப்ளூடூத் வேண்டாம், ஒலி தாமதமாக வரும். ஹெட்போன் போடாமல் நான் ஒரு ஓதுவாரின் தேவாரத்தை ஒரு மணி நேரம் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கேட்டால் முழுக்க "ம்ம்ம்" என்று கரண்ட் இரைச்சல். கேபிள் கனெக்டர் லூஸ். அவரைத் திரும்பப் பாடச் சொல்ல எந்த முகத்தோடு போவது? ஹெட்போனோடு 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் ஒன்று, அப்புறம் ஒரு வெளி ஹார்டு டிஸ்க். ஒலிக்கு ஆடாசிட்டி, படத்துக்கு டாவின்சி ரிசால்வ், இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்றாம் வருடம் கேமரா வாங்கும் நிலை வந்தால், ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும் என்பதை மறக்க வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம், தவிடு உள்ளே போகும்.

பணம் கட்டுவதற்கு முன் இந்த லீவில் ஒரு சோதனை. ஃபோனிலேயே மூன்று நிமிட ஒலிச்சித்திரம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தைக்கும் சத்தம், எடை போடுகிறவர் குரல், காத்திருப்பவர்கள் பேச்சு, படம் கிடையாது. அதை எடிட் செய்ய இருபது முப்பது தடவை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். நாலாவது தடவையில் சலித்தால் அவளுக்குப் பிடித்தது டிவியில் வருவது, டிவி செய்வது அல்ல. சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் இருந்தால் தைரியமாகச் சேருங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் அவளையும் கூட்டிப் போங்கள், ஹெட்போனும் பையில் இருக்கட்டும். மாணவர் வேலையை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் எல்லாக் கல்லூரியும் நன்றாகத்தான் இருக்கும்.