வெப்ஹுக் இரண்டு முறை வந்தால்: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது. பெருங்குடியில் ஒரு ஸ்டார்ட்அப்பில் இரண்டரை வருடமாக பேக்எண்ட் டெவலப்பராக இருக்கிறேன். நான் சேரும்போது இன்ஜினியர்கள் 9 பேர், இப்போது 40 பேர். பேமென்ட், நோட்டிஃபிகேஷன், ரிப்போர்ட், சர்ச் என்று எல்லாவற்றிலும் கை வைத்துவிட்டேன். ஒன்றை ரிலீஸ் செய்த மறுவாரமே அடுத்தது வந்துவிடும். பெரிய கம்பெனிகளில் இருக்கும் கல்லூரி நண்பர்களோடு பேசினால், அவர்களுக்கு இருக்கும் ஆழம் எனக்கு இல்லை என்று தோன்றுகிறது. போன மாதம் ஒரு இன்டர்வியூவில் பேமென்ட் செய்திருக்கிறேன் என்றேன். “ஒரே பேமென்ட்டுக்கு வெப்ஹுக் இரண்டு முறை வந்தால் உங்கள் சிஸ்டம் என்ன செய்யும்?” என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை. அடுத்த வருடம் டீம் லீட் ஆக்குகிறேன், ஈசாப்பும் (கம்பெனிப் பங்கை முன்பே நிர்ணயித்த விலையில் வாங்கும் உரிமை) தருகிறேன் என்கிறார் மேனேஜர். இருப்பதா, போவதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

அந்தக் கேள்வி உங்களை உறுத்தியது நல்லதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பணம் வந்துவிட்டது என்று, பணத்தை வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வே உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவல்தான் வெப்ஹுக். சர்வர் நேரத்துக்குப் பதில் தராவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து அதையே திரும்ப அனுப்புகிறது. ஆக, இரண்டு முறை வருவது அன்றாடம் நடப்பது. கோட் அதற்குத் தயாராக இல்லையென்றால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகும், வாலட்டில் பணம் இரண்டு முறை ஏறும். பேமென்ட் ஐடியை யூனிக் (ஒரு முறைக்கு மேல் வரக்கூடாது) என்று டேட்டாபேஸ் டேபிளில் வைத்துவிட்டால், இரண்டாவது பதிவு உள்ளே நுழையாது. பத்து வரி வேலை. ஆனால் அந்தப் பத்து வரி வேண்டும் என்று எப்போது தெரியும்? மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து ஒருவர் கணக்கு இடிக்கிறது என்று எக்செல் ஷீட்டோடு வரும்போது. அவர் வந்தபோது நீங்கள் நோட்டிஃபிகேஷனுக்குப் போயிருந்தீர்கள். வேறு யாரோ சரிசெய்தார்கள், அல்லது இன்னும் யாரும் சரிசெய்யவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம் நானும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தேன். ஆர்டர் டேபிளில் தேடுவது மெதுவாக இருந்தது. தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் போட்டால் சரியாகிவிடும் என்று ஒரு மதிய நேரத்தில், வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்த புரொடக்‌ஷனிலேயே போட்டேன். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக இன்டெக்ஸ் கட்டி முடிக்கும்வரை அந்த டேபிளில் எதையும் எழுத விடாது. படிக்க மட்டும் விடும். அதனால் சைட் நன்றாகத் திறந்தது, பொருள்கள் தெரிந்தன, ஒருவராலும் ஆர்டர் போட முடியவில்லை. எனக்குத் தெரிய இருபது நிமிடம் ஆனது. கட்டளையில் கன்கரன்ட்லி என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால் எழுதுவது நின்றிருக்காது. மேனுவலில் அந்தப் பக்கத்தை நான் படித்தும் இருந்தேன்.

அதன் பிறகு ஒன்றரை வருடம் அந்த டேபிளை விட்டு நகரவில்லை. டேபிளைப் பூட்டி வைக்கும் லாக் என்றால் என்ன, எங்கள் மானிட்டரிங் ஏன் முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது, ஆர்டர் எண்ணிக்கை பூஜ்யமானால் ஏன் ஒரு அலாரமும் அடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தேன். பின்னால் எந்த வேலைக்குப் போனாலும் என்னிடம் கேட்கப்பட்டதில் பாதி அந்த ஒன்றரை வருடத்தில் கற்றதுதான்.

உங்கள் நண்பர்களின் ஆழமும் இப்படித்தான் வந்தது. ஒரே இடத்தில் இருந்ததால், போட்ட கோட் என்ன ஆனது என்று பார்க்க முடிந்தது. அதே சமயம், ஒரு ரிக்வெஸ்ட் மொபைலில் கிளம்பி டேட்டாபேஸ் வரை போய்த் திரும்பும் முழுப் பாதையையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவர்களில் பலருக்கு அது இன்னும் கிடைத்திருக்காது. அதைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

சரி, இருப்பதா போவதா. மேனேஜரிடம் போய் ஒரு விஷயம் கேளுங்கள்: டீம் லீட் அப்புறம் பார்க்கலாம், பேமென்ட்டை ஆறு மாதம் என்னிடம் விடுங்கள். ஃபீச்சர் மட்டும் இல்லாமல் ஆன்கால் (எந்நேரம் பிரச்சினை வந்தாலும் பார்க்கும் பொறுப்பு), ரீஃபண்ட், கணக்கு டேலி செய்வது எல்லாம் உங்களிடம் வரவேண்டும். 9 பேர் 40 பேரான இடத்தில் பழைய கோடை முழுதாகத் தெரிந்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அவருக்கும் இது லாபம்தான். முடியவே முடியாது என்றால் தயங்காமல் வேறு வேலை தேடுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சிஸ்டம் ஏதாவது விழுந்தால் உங்கள் ஆபீசில் என்ன நடக்கிறது? 2017 ஜனவரி 31 இரவு, டெவலப்பர்கள் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி போனது. பேக்கப்பைத் தேடினால், டேட்டாபேஸ் 9.6, பேக்கப் எடுக்கும் புரோகிராம் 9.2 என்று பதிப்பே பொருந்தாமல் பேக்கப் தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அதே இன்ஜினியர் ஆறு மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காக எடுத்து வைத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (டேட்டாபேஸின் அந்த நேரத்து நகல்) கடைசியில் காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். அவர் பெயரைப் போடாமல், எந்தெந்த இடத்தில் சிஸ்டம் ஓட்டையாக இருந்தது என்று முழு அறிக்கை வெளியிட்டார்கள். பேக்கப்பை அவ்வப்போது மீட்டுப் பார்க்கவேண்டும் என்று அதைப் படித்துத்தான் எனக்கு உறைத்தது. யார் செய்தது என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த ரிலீசுக்குப் போகிற இடத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் இப்படி ஒரு பாடம் கிடைக்காது.

ஈசாப் பற்றிச் சுருக்கமாக. வழக்கமாக நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும், முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் வராது. பங்காக மாற்றும்போது, நீங்கள் கொடுக்கும் விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நம் நாட்டில் பொதுவாகச் சம்பளமாக எடுத்துக்கொண்டு வரி போடுவார்கள், நீங்கள் இன்னும் விற்காவிட்டாலும். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் மாற்ற வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் பேச நாளாகும். நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. டெஸ்ட் சர்வரில் ஒரு பேமென்ட் போட்டு, அதே வெப்ஹுக்கைக் கையால் இரண்டாம் முறை அனுப்பிப் பாருங்கள். ஆர்டர் எத்தனை பதிவானது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா